செட்டிநாட்டு வீட்டில் பங்கு எழுதிக் கொடுக்கும் முன்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வக்கீல் தொழில் பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன பேச்சு இது: "எங்க பங்கை மக பேருக்கு மாத்தணும். ரெண்டு பக்கம்தானே தம்பி, என்ன ஆகும்?" பத்திரம் ரெண்டு பக்கம்தான். ஆனால் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டால், பெரும்பாலான ஆச்சிமார் அறைச் சாவியைக் காட்டுகிறார்கள்.

முகப்பு, வளவு (முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாங்கட்டு என்று நீளும் வீட்டில் கல்யாணமான ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு தம்பதிக்கும், ஓர் அறை ஒதுக்குவது வழக்கம். அது புழக்கத்துக்கான ஏற்பாடு. பதிவான பாகப்பிரிவினைப் பத்திரமோ கோர்ட் டிகிரியோ (தீர்ப்பாணையோ) இல்லாதவரை, உங்களுக்கு இருப்பது மொத்த வீட்டிலும் மனையிலும் பிரிபடாத ஒரு பங்கு. எட்டில் ஒன்றாக இருக்கலாம், முப்பத்திரண்டில் ஒன்றாகவும் இருக்கலாம். "வளவில் மேற்கே மூன்றாவது அறை" என்று மட்டும் சொத்து விவரத்தில் எழுதினால் மகளுக்கு அந்த அறையும் உறுதியில்லை. கிணற்றிலும் முகப்பிலும் மனையிலும் உள்ள பாத்தியதை தொங்கலில் நிற்கும். பங்கைப் பின்னமாக எழுதுங்கள். அறை உங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்பதைக் கூடுதலாகச் சேருங்கள்.

அந்தப் பின்னத்தைக் கணக்கிடும்போது அத்தைமாரை விட்டுவிடுகிறார்கள். கேட்டால், "அவுகளுக்குத்தான் சீர் செஞ்சாச்சே!" சீர் எத்தனை வண்டியில் போயிருந்தாலும் அது விடுதலைப் பத்திரம், அதாவது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம், ஆகாது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலவே பங்கு என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 1989 திருத்தமும், அதைவிட விரிவாக 2005 மத்தியத் திருத்தமும் சொல்கின்றன. ஐயா சொந்தமாகச் சம்பாதித்த சொத்து, உயில் எழுதாமல் போய்விட்டார் என்றால் அந்த 1956 சட்டப்படியே மகள்கள் வாரிசுகள். அத்தைக்கு வேண்டாம் என்றால் அவரே விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும்.

விடுதலை என்பது கூட்டு உரிமையாளர்களுக்குள் நடப்பது. சொத்தில் பங்கே இல்லாத ஒருவருக்கு விடுதலை எழுதிக் கொடுக்க முடியாது. மகளுக்கோ தம்பிக்கோ கொடுப்பதானால் பணம் வாங்காமல் எழுதிக் கொடுக்கும் தான செட்டில்மெண்ட் நல்ல வழி. குடும்பத்துக்குள் என்றால் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 10,000. மருமகனும் மருமகளும் அந்தக் குடும்பப் பட்டியலில் இல்லை. "மாப்பிள்ளை பேரையும் சேர்த்து எழுதிருங்க" என்று கடைசி நேரத்தில் பாசம் பொங்கினால் செலவும் பொங்கும்.

பதிவான செட்டில்மெண்டை மனம் மாறி ஒருதலையாக ரத்து செய்ய முடியாது. அதனால் வயதானவர்கள் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையைத் தங்களுக்கு வைத்துக்கொள்வதும், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை எழுதுவதும் அவசியம். அந்த நிபந்தனை பத்திரத்தில் இருந்து, அது மீறப்பட்டால் 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-ஆம் பிரிவு துணைக்கு வரும். பெற்ற பிள்ளையிடம் நிபந்தனையா என்று கூச்சப்படுகிறார்கள். எனக்கு அந்தக் கூச்சம் புரிகிறது, ஆனாலும் எழுதச் சொல்வேன்.

தேக்குத் தூணிலும் கதவிலும் கண் வைத்து ஒரே ஒரு பங்கை மட்டும் கிரயம் வாங்க வரும் வெளியாட்களும் உண்டு. பங்காளி விற்றுவிட்டார் என்று பதற வேண்டாம். குடும்பம் பிரியாமல் வைத்திருக்கும் குடியிருப்பு வீட்டில் வெளியாள் கூட்டாகப் புழங்க உரிமை கோர முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், கோர்ட் நிர்ணயிக்கும் விலைக்கு அவருடைய பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ள 1893 பாகப்பிரிவினைச் சட்டம் இடம் தருகிறது. பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்பது தனிக் கதை; அது மட்டும் உரிமைப் பத்திரம் ஆகாது.

அப்புறம், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளிகள். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பும் பவர் பத்திரத்துக்கு (தங்கள் சார்பில் இங்கே ஒருவர் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்), அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். பவரை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு நல்ல நாள் பார்க்காதீர்கள். கொடுத்தவர் காலமாகிவிட்டால் சாதாரண பவர் அதோடு முடிந்தது. அப்புறம் அவருடைய வாரிசுகள் ஒவ்வொருவரிடமும் கையெழுத்துக்குப் போய் நிற்க வேண்டும்.