டிராய் மேடு: ஆழம் வேறு, வயது வேறு

துருக்கியின் வடமேற்கில், டார்டனெல்ஸ் நீரிணைக்குப் பக்கத்திலுள்ள ஹிசார்லிக் மேடுதான் கிரேக்கக் காவியத்தில் வரும் பழைய டிராய் நகரம் என்று கருதப்படுகிறது. அதில் ஒன்பது குடியிருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. அடியில் உள்ளது கி.மு. 3000 வாக்கில் தொடங்கிய முதல் டிராய். உச்சியில் ரோமானியர் காலத்து இலியம், அதாவது ஒன்பதாம் டிராய். மேடு இப்படி உயர்ந்ததற்குச் சுடாத செங்கல்தான் முக்கியக் காரணம். அந்தச் சுவர் சரிந்தால் மீண்டும் மண்ணாகிவிடும்; அள்ளிக் கொட்டுவதைவிட நிரவிவிட்டு அதன்மேலேயே கட்டுவது எளிது.

கீழே போகப் போகப் பழையது என்பது பொதுவிதி. ஆனால் அளவுநாடாவை மட்டும் நம்பித் தோண்டினால் ஏமாந்துபோவோம். ஏழாம் டிராயின் முதல் கட்டத்தில் பெரிய சேமிப்புத் தாழிகளைத் தரைக்குள் கழுத்தளவு புதைத்திருந்தார்கள். தாழியின் வாய் ஏழாம் நகரத்துத் தரையில். அடிப்பாகமோ அதற்கு முந்தைய மண்ணில். இருபது சென்டிமீட்டருக்கு ஒருமுறை மட்டமாகச் சீவி எடுத்தால் இரு காலத்து மட்பாண்ட ஓடுகளும் ஒரே கூடையில் விழும். அதனால் மண்ணின் நிறம், இறுக்கம், சாம்பல் கோடு ஆகியவற்றைப் பார்த்துக் குழியின் விளிம்பை முதலில் கண்டுபிடித்து, குழிமண்ணைத் தனியாக எடுத்துவிட வேண்டும். உடையாத தரைக்குக் கீழே கிடைப்பது அந்தத் தரைக்கு முந்தியது. ஓர் அடுக்கில் கிடைக்கும் பொருள்களில் மிகப் பிந்தியது எதுவோ, அதற்கு முன் அந்த அடுக்கு உருவாகியிருக்க முடியாது. நூறு பழைய ஓடுகளைவிட ஒரு பிந்திய நாணயத்துக்கு மதிப்பு அதிகம்.

சில இடங்களில் அடுக்கே இருக்காது. பிற்காலத்தார் கிரேக்கத் தெய்வமான அத்தீனாவின் கோயில் வளாகத்துக்காக மேட்டின் உச்சியை வெட்டிச் சமப்படுத்தியபோது, நடுவிலிருந்த ஆறாம், ஏழாம் நகரங்களின் பெரும்பகுதி போய்விட்டது. ஆறாம் டிராயின் பெருமதில் விளிம்பில்தான் மிஞ்சியது.

ஜெர்மானிய அகழ்வாளர் ஹைன்ரிக் ஷ்லீமன் 1871 முதல் 1873 வரை மேட்டின் குறுக்கே பெரும் அகழியை வெட்டினார். டிராய்ப் போரைப் பற்றிக் கிரேக்கக் கவிஞர் ஹோமர் பாடிய நகரம் அடியில்தான் இருக்கும் என்று நம்பி, மேலிருந்த கட்டடங்களை இடித்துத் தள்ளினார். ஹோமரின் காவியத்தில் டிராயின் அரசனாக வரும் பிரியாமின் பெயரால், ‘பிரியாமின் புதையல்’ என்று அவர் அறிவித்த பொன் இரண்டாம் டிராயைச் சேர்ந்தது. டிராய்ப் போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தியது. அவர் இடித்துத் தள்ளியவையோ திரும்பப் பெற முடியாத இழப்பு. வில்ஹெல்ம் டோர்ப்ஃபெல்ட் 1893, 1894-இல் விளிம்பைத் தோண்டி ஆறாம் நகரத்தின் மதிலை வெளிக்கொணர்ந்தார். 1932 முதல் 1938 வரை கார்ல் பிளேகன் ஒன்பது குடியிருப்புகளையும் 46 உட்கட்டங்களாகப் பிரித்தார். முன்னவர்கள் தொடாமல் விட்டிருந்த மண்திட்டுகள் இல்லாவிட்டால் அது முடிந்திருக்காது. இன்றும் குழிகளுக்கு நடுவே மண்வரப்பை விட்டுவைப்பது, அடுக்குகளைப் பின்னாலும் பார்த்துச் சரிபார்க்க முடிய வேண்டும் என்பதற்காகவே.