ரவுட்டரை மாற்றும் முன் பழையதைக் கேளுங்கள்

புது ரவுட்டர் வாங்கி வந்து, பழையதைக் கழற்றி, அதே ஒயரைப் புதியதில் செருகுகிறோம். போனில் வைஃபை முழுக் கோடுகளோடு வந்துவிடுகிறது. ஆனால் 'இணையம் இல்லை' என்று கூடவே ஒரு வரியும் வருகிறது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓட வேண்டாம். பெரும்பாலும் அதில் குறை இருக்காது. இணைப்பு தரும் நிறுவனத்தின் கணினி அடையாளம் கண்டுகொண்டிருந்தது பழைய ரவுட்டருக்குள் பதிந்து கிடந்த சில விவரங்களை. அவை புதியதற்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஃபைபர் இணைப்பில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. கண்ணாடி இழை வழியே வரும் ஒளியை மின்குறிப்பாக மாற்றுவது ஓஎன்டி என்ற பெட்டி. அந்த இணைப்பை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பங்கிடுவது ரவுட்டர். சில வீடுகளில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். பச்சைத் தலை கொண்ட மெல்லிய ஒயர் எதில் செருகியிருக்கிறதோ அதுதான் ஓஎன்டி. அதை நாமாக மாற்ற முடியாது. அதன் வரிசை எண் நிறுவனத்தின் முனையில் பதிவாகியிருக்கும். அந்தப் பச்சைத் தலையைக் கழற்றவே வேண்டாம். அதன் முனை 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டது, ஒரு தூசு படிந்தாலும் ஒளி குறையும். அதில் வருவது 1490 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்குத் தெரியாது என்பதாலேயே முனையை உற்றுப் பார்க்கக் கூடாது. ஓஎன்டியில் பிஓஎன் (PON) விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்து, ஒளி வரவில்லை என்று காட்டும் எல்ஓஎஸ் (LOS) விளக்கு சிவக்காமல் இருந்தால் இழை நலம். பிறகு சிக்கல் ரவுட்டர் பக்கம்தான்.

பழையதன் மின்சாரத்தை நிறுத்தும் முன் பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று தட்டி, அதன் உள்ளே போங்கள். 'வேன்' (WAN) என்ற பக்கத்தை, அதாவது வெளி இணைப்புக்கான அமைப்புகள் உள்ள பக்கத்தைப் போனில் படம் பிடித்து வையுங்கள். இந்த 5 நிமிட வேலையைத் தவறவிட்டவர்கள்தான் மறுநாள் முழுக்க வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அங்கே பிபிபிஓஇ (PPPoE), அதாவது லாகின் செய்து இணையும் முறை, என்று இருந்தால் யூசர்நேமும் பாஸ்வேர்டும் வேண்டும். பாஸ்வேர்டு வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். நிறுவனத்திடமோ ஏரியா ஆபரேட்டரிடமோ முன்கூட்டியே கேட்டு வாங்கிவிடுங்கள். 'விலான்' (VLAN) எண், அதாவது நிறுவனம் இணைப்புக்கு ஒதுக்கிய தட எண், ஏதும் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது தவறினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பதிலே வராது. எல்லாவற்றையும் சரியாகக் கொடுத்தும் லாகின் மறுக்கப்பட்டால், பழைய ரவுட்டரின் இணைப்பு நிறுவனத்தின் முனையில் இன்னும் திறந்தே கிடக்கலாம். ஓஎன்டியையும் ரவுட்டரையும் 10 நிமிடம் அணைத்து வைத்து மறுபடி போடுங்கள்.

டிஹெச்சிபி (DHCP), அதாவது தானாக முகவரி பெறும் முறை, என்று இருந்தால் பாஸ்வேர்டு கிடையாது. பல நிறுவனங்கள் அதற்குப் பதிலாக ரவுட்டரின் மேக் (MAC) முகவரியை, அதாவது எண்ணும் எழுத்தும் கலந்த 12 இலக்க அடையாளத்தைப் பதிந்து வைக்கின்றன. இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அடியில் ஒட்டியிருக்கும் மேக் பல மாடல்களில் வீட்டுப் பக்கத்துக்கானது. நிறுவனத்தை நோக்கிய வெளிப்பக்க மேக் அதிலிருந்து பெரும்பாலும் கடைசி இலக்கத்தில் மட்டும் மாறுபடும். ஒட்டியதில் 4A என்று முடிந்தால் அது 4B என்று இருக்கலாம். ஆகவே ஸ்டிக்கரை நம்பாமல் வேன் பக்கத்தில் உள்ளதை எடுத்து, புதியதில் 'மேக் குளோன்' என்ற இடத்தில் கொடுங்கள். இல்லையேல் புது மேக்கைப் பதியச் சொல்லுங்கள்.

ஓஎன்டியே ரவுட்டர் வேலையும் செய்தால் வேறு ஒரு இடறல் உண்டு. அதுவும் 192.168.1.1, நீங்கள் வாங்கியதும் 192.168.1.1 என்றால், வந்த தரவுப் பொட்டலத்தை உள்ளே அனுப்புவதா வெளியே அனுப்புவதா என்று புதியதற்குத் தெரியாது. புதியதன் முகவரியை 192.168.50.1 என்று மாற்றினால் தீரும். ஓஎன்டியை 'பிரிட்ஜ்' முறைக்கு, அதாவது ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை அப்படியே கடத்தும் முறைக்கு, மாற்றித் தரச் சொல்வது இன்னும் நல்லது. ஒரே பொட்டலத்துக்கு இரண்டு முறை முகவரி மாற்றும் வேலை மிச்சம்.

இணைப்பு வந்தபின் வேகத்தைப் பாருங்கள், வைஃபையில் அல்ல, ஒயரில். 300 எம்பிபிஎஸ் திட்டத்தில் 94க்கு மேல் ஏறவே இல்லை என்றால் காரணம் அநேகமாக ஒயர்தான். நூறுக்கு 8 கம்பிகளில் 4 போதும், அதற்கு மேல் போக எட்டும் வேண்டும். மீதி நான்கில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் இரு முனைகளும் சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். கேட் 5இ ஒயர் ஒன்றை மாற்றிப் போட்டும் அப்படியே என்றால் ரவுட்டரின் துளையே நூறுக்கானதாக இருக்கலாம். வாங்கும்போதே 'கிகாபிட் வேன்' என்று பார்த்து வாங்கியிருக்க வேண்டும்.

வைஃபைக்குப் பழைய பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து பிசகாமல் அப்படியே கொடுங்கள். டிவி, கேமரா, போன் எல்லாம் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் 1, 6, 11 மட்டுமே ஒன்றோடொன்று மோதாதவை. அவற்றில் அக்கம்பக்கத்தார் குறைவாகப் பயன்படுத்துவதை எடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் காங்கிரீட் சுவரைத் தாண்டத் திணறும். பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் எந்த ரவுட்டரும் ஒன்றும் செய்ய முடியாது, இரும்பு அலையைத் திருப்பி அடித்துவிடும்.

மின் அடாப்டர்களை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். 12 வோல்ட் கேட்கும் பெட்டிக்கு 9 வோல்ட் கொடுத்தால் விளக்கு எரியும், இணைப்பு மட்டும் அடிக்கடி விழும். குற்றம் ரவுட்டர் மேல் போகும்.

பழைய ரவுட்டரை ஒரு வாரம் பத்திரமாக வைத்திருங்கள். யாருக்காவது கொடுப்பதென்றால், மின்சாரம் கொடுத்தபடியே ரீசெட் துளையில் குண்டூசியை 10 விநாடிக்கு மேல் அழுத்துங்கள். விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரிந்தால்தான் உங்கள் பாஸ்வேர்டு அதிலிருந்து போனதாக அர்த்தம்.