எத்தனை எறி? தோள்நோவோடு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது

தை பிறந்ததும் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி சூடுபிடித்துவிடும். மாதக்கணக்கில் ஈட்டியைத் தொடாத பிள்ளை ஒரே கிழமைக்குள் நாளுக்கு நாற்பது, ஐம்பது தடவை எறியத் தொடங்கும். பிறகு வலய மட்டம், மாகாண மட்டம். இடையில் கிரிக்கெட், எல்லே, சித்திரைப் புத்தாண்டையொட்டிக் கழகங்கள் நடத்தும் மென்பந்துச் சுற்றுகள். மட்டக்களப்பில் இயன்மருத்துவராக வேலைசெய்யும் எனக்கு, தோளைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகளின் காலமும் இதுதான்.

“எங்கயும் விழல்ல மிஸ், சும்மா இருந்தாப்போல வந்த நோவு” என்று தாய்மார் சொல்வார்கள். சும்மா வருவதில்லை. யாரும் கூட்டிப் பார்க்காததால் அப்படித் தெரிகிறது.

அண்மையில் 13 வயதுப் பையன் ஒருவன் வந்தான். வேகப்பந்து வீச்சாளன்.

“நேற்று எத்தின பந்து எறிஞ்ச மகன்?”

“எண்ணல்ல மிஸ். நாலு ஓவர்தான் போட்ட.”

நாலு ஓவர் என்றால் 24 பந்து. அதோடு விடவில்லை. களத்தடுப்புப் பயிற்சியில் எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட் காப்பாளருக்கு எறிந்தவை, பின்னேரம் கடற்கரையில் கூட்டாளிகளோடு விளையாடியவை, தம்பிக்குப் பழக்க எறிந்தவை என்று இருவரும் விரல் விட்டு எண்ணினோம். 150 ஐத் தாண்டியது. தகப்பன் வாயைத் திறக்கவில்லை.

அமெரிக்க பேஸ்போலில் ‘பிட்ச் ஸ்மார்ட்’ என்றொரு வழிகாட்டி உண்டு. 11, 12 வயதுக்கு நாளொன்றுக்கு ஆகக்கூடியது 85 வீச்சு, 13, 14 வயதுக்கு 95. வீசிய எண்ணிக்கைக்கேற்ப ஓய்வு நாட்களும் உண்டு. அது அவர்களுடைய விளையாட்டுக்கான கணக்கு; கிரிக்கெட்டுக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் எண்ண வேண்டும் என்ற பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். என் அனுபவத்தில் பந்துவீச்சைவிட, முழங்கையை மடக்கித் தூரத்திலிருந்து பலமாக எறியும் எறிதான் தோளை அதிகம் பதம்பார்க்கிறது. அதைத்தான் ஒருவரும் எண்ணுவதில்லை.

தோள்மூட்டு, தேத்தண்ணிச் சோசரில் வைத்த தோடம்பழம் போன்றது. குழி ஆழமில்லை, பந்து பெரிது. அதை நடுவில் பிடித்து வைத்திருப்பவை சுற்றியுள்ள நான்கு சிறு தசைகளும் தோள்பட்டை எலும்பின் சரியான அசைவும். வளரும் பிள்ளைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. மேற்கை எலும்பின் மேல்முனையில் வளர்தட்டு, அதாவது எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி, இன்னும் மூடாமல் இருக்கும். அந்த எலும்பின் நீள வளர்ச்சியில் ஏறக்குறைய 80 சதவீதம் அங்கேதான் நடக்கிறது. பெரியவருக்குத் தசைநார் தேயும் இடத்தில், 11 முதல் 16 வயதுப் பிள்ளைக்கு இந்தத் தட்டு நைந்துபோகும். எக்ஸ்ரேயில் நோகும் பக்கத்துத் தட்டு மற்றப் பக்கத்தைவிட அகன்று தெரியலாம். அதனால்தான் இரண்டு தோளையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

வளர்தட்டு என்று தெரிந்தால் எறிவதை நிறுத்த வேண்டும். பெரும்பாலும் மூன்று மாதம். கேட்டதும் பிள்ளையின் முகம் சுருங்கிவிடும். ஆனால் நிற்பது எறிதல் மட்டும்தான். ஓடலாம், நோகாவிட்டால் துடுப்பெடுத்தாடலாம். சிகிச்சையும் இந்தக் காலத்தில்தான் நடக்கிறது.

“கரண்ட் வைக்க மாட்டீங்களா?” என்று கேட்பவர்கள் அநேகம். மெஷின் நோவைக் கொஞ்சம் தணிக்கலாம், தோளைப் பலப்படுத்தாது. மூடாத வளர்தட்டின் மேல் அல்ட்ராசவுண்ட் வைப்பதைத் தவிர்ப்பதே எங்கள் தொழில் வழக்கம். என் மேசையில் அதிகம் பயன்படுவது சைக்கிள் கடையில் கழித்துவிட்ட டியூப். அதை நீளவாக்கில் வெட்டி யன்னல் கம்பியில் கட்டுவோம். மடித்த துவாயை அக்குளில் வைத்து, முழங்கையை உடம்போடு ஒட்டி, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். 12 முதல் 15 தடவை, மூன்று சுற்று. இழுப்பதைவிட விடுவது மெதுவாக இருக்க வேண்டும். பையன்கள் அங்கேதான் அவசரப்படுவார்கள். அடுத்து, சுவரில் கை ஊன்றித் தள்ளும் பயிற்சி; கை நீண்ட பிறகும் இன்னும் கொஞ்சம் தள்ளினால் தோள்பட்டையைப் பிடிக்கும் தசை வேலை செய்யும்.

எறியும் கை உட்பக்கம் திரும்பும் அளவு மற்றக் கையைவிட ஏறக்குறைய 20 பாகையோ அதற்கு மேலோ குறைந்திருந்தால், அந்தப் பக்கமாகச் சரிந்து படுத்து முன்கையை மெல்ல அமர்த்தும் நீட்டல் கொடுப்பேன். எல்லாருக்கும் அல்ல. வலைப்பந்து, கரப்பந்து ஆடும் பெண்பிள்ளைகள் சிலருக்கு மூட்டு இயல்பிலேயே தளர்வு. அவர்களுக்கு நீட்டல் வேண்டாம், பலம்தான் வேண்டும். தோள்பட்டையின் அசைவைப் பார்க்க முதுகைப் பார்த்தாக வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டு வராமல் விடாதீர்கள். பெண் இயன்மருத்துவரைக் கேளுங்கள், உம்மாவோ சாச்சியோ கூடவே இருக்கலாம்.

தோள்நோவுக்கு வந்தவனை ஒற்றைக்காலில் நின்று குந்தச் சொன்னால் பெற்றோர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். எறியின் வேகம் காலிலும் இடுப்பிலும்தான் பிறக்கிறது. அங்கே பலமில்லாதவன் மிச்சத்தைத் தோளால் ஈடுசெய்வான். மேலே சொன்ன பையன் குந்தும்போது முழங்கால் உள்ளே மடிந்து தடுமாறினான். அவனுடைய சிகிச்சையில் பாதி இடுப்புக்குத்தான்.

எண்ணெய் தடவி உருவுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். மேலாகத் தடவுவதில் தீங்கில்லை. சுளுக்கு என்று நினைத்து நைந்த தட்டை அழுத்தி இழுப்பதுதான் ஆபத்து. நோமாத்திரை போட்டுவிட்டு மெச்சுக்குப் போவது அதைவிட மோசம். நோவு மறையும், காயம் பெருகும்.

நோவு முற்றாக நின்று, பலமும் திரும்பிய பிறகே மீண்டும் எறிதல். பத்து மீற்றரில், பாதி வேகத்தில், ஒன்றுவிட்ட ஒரு நாள். முதலில் தூரம் கூடும், வேகம் கடைசியில். மறுநாள் காலையில் தோள் உளைந்தால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். எத்தனை எறி என்பதைப் பிள்ளையே கொப்பியில் எழுதிவர, பாடசாலைக் கோச்சும் கழகக் கோச்சும் அதே கொப்பியைப் பார்க்க வேண்டும்.

இரவில் நித்திரையைக் கெடுக்கும் நோவு, வீக்கம், காய்ச்சல், கை விறைப்பு, கையைத் தூக்கவே முடியாமை இருந்தால் பயிற்சி எதையும் தொடங்காமல் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள்.