தோல் தன்னைத் தானே கத்தரிக்கும் விதம்

குளிக்கும்போது உடம்பைத் தேய்த்தால் திரிதிரியாக உருண்டு வருவது அழுக்கா, தோலா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். இரண்டும்தான், எண்ணெய்ப் பசையோடும் தூசியோடும் தோலின் செத்த செல்களும் அந்தத் திரியில் சுருண்டிருக்கின்றன. இழுத்தாலும் கிள்ளினாலும் பிரியாத செல்கள், மேற்பரப்பை அடைந்ததும் மட்டும் இப்படிக் கழன்று வருவது எப்படி என்பதே இதில் சுவையான கேள்வி.

மேல்தோலின் அடியடுக்கில் பிறக்கும் செல்கள் மேலே தள்ளப்பட்டு, ஏறத்தாழ நான்கு வாரங்களில் உதிர்கின்றன என்பது பள்ளிப் பாடம். அடியில், செல்லுக்குள் வடமாக ஓடும் கெரட்டின் என்னும் புரதத்தின் 5, 14 என்ற இணையைச் செய்யும் செல், மேலேறத் தொடங்கியதும், கால்சியத்தின் அளவு கூடக் கூட, கெரட்டின் 1, 10 என்ற இணைக்கு மாறுகிறது. இந்தப் புரத வடங்கள் செல்லின் ஓரத்தில் டெஸ்மோசோம் என்னும் முடிச்சில் கட்டப்பட்டிருக்க, அங்கே இரு செல்களின் டெஸ்மோக்ளீன், டெஸ்மோகாலின் புரதங்கள் வெளியே கை நீட்டிக் கோத்துக்கொள்கின்றன. கெரட்டின் 14 பழுதானால் லேசான உராய்வுக்கே அடியடுக்குச் செல்கள் கிழிந்து கொப்புளம் எழும் என்பது 1991-இல் தெரியவந்தது.

என்னை மயக்குவது இதற்கு அடுத்த கட்டம். முடிச்சைப் போட்ட அதே செல்தான் அதை அறுக்கும் கத்தரிகளையும், அதாவது காலிக்ரைன் 5, 7 என்னும் நொதிகளையும், செல்களுக்கு இடைப்பட்ட வெளியில் விட்டுச் செல்கிறது. அவற்றுக்கு உறையாக லெக்டி என்ற புரதத்தையும் கூடவே அனுப்புகிறது. கீழே, நடுநிலைக்கு அருகிலான சூழலில், உறை கத்தரியை இறுகப் பற்றியிருக்கும். மேற்பரப்பை நெருங்க நெருங்க அமிலத்தன்மை கூடி, பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இறங்கும்போது உறை நழுவ, கத்தரி முடிச்சுகளை அறுக்கத் தொடங்குகிறது. செல் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்பதை அமிலமே அளந்து சொல்கிறது!

அந்த அமிலத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் அழகு. கெரட்டின் வடங்களைக் கட்டுக்கட்டாக நெருக்கிச் செல்லைத் தட்டையாக்கும் பிலாக்ரின் என்ற புரதம், வேலை முடிந்ததும் துண்டு துண்டாகி, ஈரத்தைப் பிடித்துவைக்கும் சிறு அமிலங்களாக மாறுகிறது. சாரத்தைப் பிரித்து, அதையே கூரைக்கு வேய்வது போன்ற சிக்கனம் இது. பிலாக்ரின் மரபணுப் பழுதுக்கும் கரப்பான் நோய்க்கும் உள்ள தொடர்பு 2006-இல் வெளியானது. செதில் பறக்கும் தோலை முன்வினைப் பயன் என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

உறை இல்லாமல் பிறப்பவர்களும் உண்டு. நெதர்ட்டன் என்னும் அரிய தோல் நோய்க்குக் காரணம் லெக்டியின் மரபணுப் பழுதே என்று 2000-இல் கண்டறியப்பட்டது. அவர்களுக்குக் கத்தரி முன்கூட்டியே வெட்டுவதால் தோலின் காப்பு குலைகிறது. அரிய நோய்களுக்கு ஆய்வுப் பணம் வீண் என்போருக்கு, எல்லோருடைய தோலிலும் நடப்பதை விளங்கவைத்தது இந்த அரிய நோய்தான் என்பேன்.

இதே முடிச்சை அறுக்கப் பாக்டீரியாவும் கற்றிருக்கிறது. சில ஸ்டெபிலோகாக்கஸ் வகைகளின் நச்சு, டெஸ்மோக்ளீன் 1-ஐ மட்டும் குறிப்பிட்ட ஓரிடத்தில் வெட்டுவதால், குழந்தைகளின் தோல் வெந்நீர் பட்டதுபோல் உரிகிறது. ஆனால் வாயின் உட்படலம் தப்பிவிடும், ஏனெனில் அங்கே நச்சுக்கு அறுபடாத டெஸ்மோக்ளீன் 3 செல்களைப் பிடித்து நிற்கிறது.