லிரிக் என்றால் தன்னுணர்ச்சிப் பாடலா?

பக்கத்து வீட்டுப் பிள்ளை நாகர்கோவிலில் எம்.ஏ. தமிழ் படிக்கிறாள். போன வாரம் பரீட்சைக்காக எழுதிப் பார்த்த விடை ஒன்றைத் திருத்தித் தரச் சொல்லிக் கொண்டுவந்தாள். முதல் வரியே இப்படி: "குறுந்தொகை 25ஆம் பாட்டு ஒரு லிரிக், அதாவது தன்னுணர்ச்சிப் பாடல், இதில் கபிலர் தமது காதல் துயரத்தை வெளிப்படுத்துகிறார்." யார் மக்களே இதைச் சொன்னது என்று கேட்டேன். "கைடுல அப்படித்தான் மாமா இருக்கு" என்றாள். இதே வாக்கியத்தை, புலவர் பெயரை மட்டும் மாற்றி, எத்தனையோ விடைத்தாள்களில் பார்த்துவிட்டேன், கருத்தரங்க மேடையிலும் கேட்டுவிட்டேன். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். 'தன்னுணர்ச்சி' என்று சொல்லிக்கொடுத்தால் அவர்கள் 'தன்' யார் என்று தேடி, பாட்டின் அடியில் இருக்கும் புலவர் பெயரைத்தான் எடுப்பார்கள்.

சொல்லின் பிறப்பு சுருக்கமானது. லைரா என்பது பழைய கிரேக்க நரம்புக் கருவி. இரண்டு கைகளும் மேலே ஒரு குறுக்குக் கட்டையும் உள்ளது. சிலர் இதை வீணை என்று எழுதுகிறார்கள், அது தப்பு. யாழ் என்றால்கூட ஓரளவு ஒத்துக்கொள்ளலாம். அந்தக் கருவியோடு பாடியது லிரிக். சாப்போ, பிண்டார் எல்லாம் அந்த வரிசையில் வருகிறவர்கள். இன்று சினிமாவில் லிரிக்ஸ் என்றால் பாடல் வரிகள், அதில் எனக்குச் சண்டை இல்லை.

கவனியுங்கள், இந்தப் பிறப்பில் 'தன்னுணர்ச்சி' எங்கேயும் இல்லை. இசைதான் இருக்கிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் நம்மிடம் லிரிக் என்று முதலில் சொல்ல வேண்டியது பரிபாடலை. அங்கேதான் பாடியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணும் குறித்து வைத்திருக்கிறார்கள். குறுந்தொகை அகவற்பாவில் அமைந்த நூல், அங்கே அப்படிப் பண் குறிப்பு இல்லை. அப்படியானால் 'தன்' எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஆங்கில ரொமாண்டிக் கவிஞர்களிடமிருந்து வந்தது. வேர்ட்ஸ்வொர்த் 1800இல் எழுதிய முன்னுரையில் கவிதை என்பது வலிய உணர்ச்சிகள் தாமாகப் பொங்கி வழிவது என்றார். அது அவர் காலத்துக் கொள்கை, அவருக்குப் பொருந்தும். ஆங்கிலத்திலேயே எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லையே. பிரௌனிங் 1842இல் ஒரு தொகுதிக்கு 'டிரமாட்டிக் லிரிக்ஸ்' என்று பெயர் வைத்து, இவையெல்லாம் கற்பனை மாந்தர்களின் பேச்சு, என்னுடையது அல்ல என்று சொல்லிவிட்டார். நாம் ஒரு காலத்து, ஒரு கூட்டத்துக் கொள்கையைத் தமிழ்ச் சொல்லுக்குள் தைத்து, அதை இரண்டாயிரம் வருஷத்துப் பாட்டுக்குச் சட்டையாகப் போட்டுவிடுகிறோம்.

இப்போது அந்த 25ஆம் பாட்டைப் பார்ப்போம்.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

இதில் வரும் 'யான்' கபிலர் இல்லை. தலைவி. கேட்கிறவள் தோழி. தலைவன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கும் நேரம். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள். அவன் வாக்குக் கொடுத்த இடத்தில் சாட்சிக்கு ஆள் இல்லை, ஒரு குருகு, கொக்கு மாதிரி ஒரு பறவை, நின்றது, அதுவும் ஓடும் நீரில் ஆரல் மீன் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றது. அது கேட்டிருக்காது, கேட்டிருந்தாலும் வந்து சொல்லாது. மெல்லிய தினைத்தாள் போன்ற அதன் கால்கூட அவளுக்கு நினைவிருக்கிறது என்றால் அந்த நாளை எத்தனை தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாள்! இதைக் கபிலரின் சொந்தத் துயரம் என்று எழுதினால் குருகும் போச்சு, சாட்சியும் போச்சு, ஒரு ஆண் பெண் குரலில் இவ்வளவு நுட்பமாகப் பேசிய திறமையும் போச்சு.

அகத்திணையில் இது விதியே. 'மக்கள் நுதலிய அகன்ஐந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்' என்கிறது தொல்காப்பியம். இன்னாருடைய காதல் என்று அடையாளம் தெரிந்துவிட்டால் அது அகம் ஆகாது. அதன் செய்யுளியல் எண்ணிச் சொல்லும் 34 செய்யுள் உறுப்புகளில் கூற்று, அதாவது பேசுகிறவர் பேச்சு, ஒன்று, கேட்போர் ஒன்று, களன் என்ற இடம் ஒன்று, மெய்ப்பாடு என்ற உணர்ச்சி வெளிப்பாடு ஒன்று. பேசுகிறவர் யார் என்பதும் அங்கே என்ன உணர்ச்சி என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். அந்த நூலின் அரங்கேற்றத்தில் கேள்வி கேட்ட அதங்கோட்டாசான் நம்ம விளவங்கோட்டு அதங்கோட்டுக்காரர் என்று ஊரில் பெருமையாகப் பேசுகிறோமே, அவர் காதில் இந்தத் 'தன்னுணர்ச்சிப் பாடல்' விழுந்தால் என்ன கேட்டிருப்பார்?

கபிலர் தன் துயரத்தைப் பாடவே இல்லையா என்றால், பாடியிருக்கிறார், புறநானூற்றில். 113ஆம் பாட்டில் பாரி இறந்தபின் பறம்பு மலையைப் பார்த்து 'நீர்வார் கண்ணேம் தொழுது' போகிறோம் என்கிறார். பேர் இருக்கிறது, மலை இருக்கிறது, கண்ணீர் அவருடையது. அதற்கு முந்தின பாட்டு பாரி மகளிரின் 'அற்றைத் திங்கள்'. தன்னுணர்ச்சி என்ற சொல்லை அங்கே தாராளமாக வைக்கலாம். வேடிக்கை என்னவென்றால் வகுப்பில் புறத்தை வீரம், கொடை என்று ஒதுக்கிவிட்டு அகத்துக்கு மட்டும் இந்தப் பட்டத்தைக் கொடுக்கிறார்கள், அப்படியே தலைகீழ்.

நம்ம பக்கம் அம்மன் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நடுராத்திரியில் புலவர், அதாவது வில்லுப்பாட்டை நடத்திப் பாடுகிறவர், வீசுகோலை வில்லில் அடித்து, இசக்கியம்மனாக நின்று 'நான்' என்று அழுது பாடுவார். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் கண்ணைத் துடைப்பார்கள். அது புலவர் வீட்டுக் கதை என்று யாராவது நினைத்தது உண்டா? அப்புறம், நாகர்கோவில் பக்கத்துத் திருப்பதிசாரம் நம்மாழ்வாரின் தாய் பிறந்த ஊர் என்பது வழக்கு. அந்த நம்மாழ்வார் பாட்டுகளைப் படித்த வைணவ உரையாசிரியர்கள், இது 'தாமான தன்மை'யில், அதாவது ஆழ்வார் தாமாகவே நின்று, பாடியது, இது தலைமகள் நிலை, இது தாய் நிலை, இது தோழி நிலை என்று பிரித்துச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார்கள். சொல்லும் நம்மிடம் இருக்கிறது, முறையும் இருக்கிறது.

என் கணக்கில், லிரிக் என்ற பொது வகைக்கு உணர்வுப்பாட்டு போதும். 'தன்'னை வெட்டிவிட வேண்டும். இசைப்பாட்டு என்பதைப் பண்ணோடு பாடுவதற்கு வைத்துக்கொள்ளலாம். தனிப்பாடல் என்று சிலர் சொல்வார்கள், அது வேண்டாம், தனிப்பாடல் திரட்டு என்று அந்தப் பெயர் வேறு வேலைக்குப் போய்விட்டது. அகத்துக்குப் புதுச் சொல்லே தேவையில்லை, தலைவி கூற்று, தோழி கூற்று என்று எழுதினால் முடிந்தது.

இதிலும் ஒரு வருத்தம். ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாட்டுகளை ஆங்கிலத்தில் கொடுத்தபோது அந்தக் கூற்றையே 'What She Said' என்பதுபோலத் தலைப்பாக்கினார். ஆங்கிலத்தில் படிக்கிறவனுக்குக்கூடப் பேசுகிறவள் யார் என்று முதலிலேயே தெரிந்துவிடும். அதைப் பார்த்துத் தமிழில் கட்டுரை எழுதும் சிலர் தலைப்பை 'அவள் சொன்னது' என்று திரும்ப மொழிபெயர்த்து வைக்கிறார்கள். தலைவி கூற்று என்ற நம் சொல்லை எடுத்துக்கொண்டு போனவரிடமிருந்து அதை இப்படியா திரும்ப வாங்குவது?

அந்தப் பிள்ளை, "கைடுல உள்ளதை எழுதலேன்னா மார்க் குறையும் மாமா" என்று பயந்தாள். சரி, திணை, கூற்று, கேட்போர், சூழல் நாலையும் முதல் வரியில் எழுது, எந்தப் பேராசிரியரும் அதற்கு மார்க் குறைக்க முடியாது என்றேன். அங்கேயே உட்கார்ந்து அடித்துவிட்டு எழுதினாள்: "குறிஞ்சித் திணை. தலைவன் வரைவு நீட்டித்தபோது தலைவி தோழிக்குச் சொல்லியது." அடுத்த வரி குருகிலிருந்து தொடங்கியது.