பதினாறு இலக்க எண்ணா? கடைசி இலக்கத்தைப் பாருங்கள்

9007199254740993. இந்த எண் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா? 3-ல் முடிகிறது, ஒற்றைப்படைதான். ஆனால் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இதை இரட்டைப்படை என்றது. வெகுநேரம் நிரலைத் துருவிப் பார்த்தோம். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. உள்ளே போன எண்ணே மாறிப்போயிருந்தது.

ஜாவாஸ்கிரிப்ட் சாதாரண எண்களை 64 பிட் (0 அல்லது 1) கொண்ட மிதவைப் புள்ளி வடிவில்தான், அதாவது எண்ணின் இலக்கங்களையும் புள்ளி நிற்கும் இடத்தையும் தனித்தனியே குறிக்கும் முறையில்தான், வைத்துக்கொள்கிறது. அதில் எண்ணின் துல்லியத்துக்குக் கிடைப்பது 53 பிட். 2-ன் 53ஆம் அடுக்கு, அதாவது 9007199254740992 வரைக்கும் எல்லா முழு எண்களும் பிசகாமல் நிற்கும். அதைத் தாண்டினால் இரட்டைப்படை எண்களுக்கு மட்டும்தான் இடம். நம்முடைய 993 பக்கத்திலிருக்கும் 992-ல் போய் உட்கார்ந்துவிட்டது. அந்த எல்லைக்கு மேலே இப்படிப் பகா எண் தேடினால் ஒன்றுகூடக் கிடைக்காது.

ஒன்றுதானே வித்தியாசம் என்று விட்டுவிடக் கூடாது. அளவைப் பொறுத்தவரை அது ஒன்றுமே இல்லைதான். எண்ணின் குணத்தைப் பொறுத்தவரை எல்லாமே அதில்தான் இருக்கிறது. 992-ல் முடிகிற அந்த எண் 2-ன் அடுக்கு, அதற்கு 2-ஐத் தவிர வேறு பகாக் காரணி கிடையாது. 993-ல் முடிவதன் இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: 78 வரும். அதனால் 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. 107-ஆலும் வகுபடும். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு 1-ஐத் தவிர பொதுக் காரணியே இருக்க முடியாது என்பதால், ஒன்றுக்குக் கண்டுபிடித்த எந்தக் காரணியும் மற்றதற்குப் பொருந்தாது.

எக்செல் இன்னும் கறார். 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும், பதினாறாவதைப் பூஜ்யம் ஆக்கிவிடும். வங்கி அட்டை எண்களில் பெரும்பாலானவை 16 இலக்கம், கடைசியில் இருப்பது எண்ணில் பிழை இருக்கிறதா என்று பார்க்க உதவும் சரிபார்ப்பு இலக்கம். போவது அதுதான். அதனால் எண்ணை ஒட்டுவதற்கு முன்பே அந்தக் கட்டத்தை 'உரை' வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பி வராது.

பைத்தானில் முழு எண் எவ்வளவு நீளமானாலும் தாங்கும். ஆனால் ஒற்றைச் சாய்கோடு போட்டு வகுத்தால் விடை மிதவைப் புள்ளியாகிவிடும், பழைய சிக்கல் மறுபடி தொடங்கும். முழு எண்ணாகவே ஈவு வேண்டுமென்றால் // போடுங்கள்.

சரி, எங்கள் நிரல் என்ன ஆனது? பெரிய எண்களுக்கான பிக்இன்ட் வகைக்கு மாற்றினோம். அப்போதும் இரட்டைப்படை என்றே வந்தது! எண்ணைச் சாதாரணமாகப் படித்துவிட்டு அப்புறம் மாற்றியிருந்தோம். மாற்றுவதற்கு முன்பே கடைசி இலக்கம் போயிருந்தது. மேற்கோள் குறிக்குள் உரையாகக் கொடுத்து, அதிலிருந்து நேரே மாற்றிய பிறகுதான் 2-ஆல் வகுத்தால் மீதி 1, ஒற்றைப்படை என்று வந்தது.