1943ஆம் ஆண்டுப் பந்து ஏன் எழும்பவில்லை?

பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படிக்கும் வாசகர் ஒருவர் நல்லதொரு கேள்வியை அனுப்பியிருக்கிறார். இயற்கை ரப்பரும், தென்கிழக்காசிய மரங்களின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சா என்னும் பொருளும் ஐசோபிரீன் என்னும் ஒரே சிறு மூலக்கூறு கோத்துக் கோத்து உண்டானவை. அணுக்களின் எண்ணிக்கையிலும் வேறுபாடு இல்லை. அப்படியிருக்க, ஒன்று இழுத்தால் நீள்வதும் மற்றொன்று மரத்துண்டு போல் இறுகிக் கிடப்பதும் எதனால் என்பது அவருடைய கேள்வி. இதற்கு விடை சொல்ல, இரண்டாம் உலகப் போரின் நடுவே சின்சினாட்டி ரெட்ஸ் என்னும் அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் அணி ஆடிய 1943ஆம் ஆண்டுப் பருவத்தைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

போர்க்காலத்திலும் பேஸ்பால் நடைபெறுவது நாட்டுக்கு நல்லது என்று 1942 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கடிதம் எழுதியிருந்ததால் ஆட்டங்கள் நிற்கவில்லை. ஆனால் அதே ஆண்டின் தொடக்க மாதங்களில் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானிடம் வீழ்ந்தன. அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோயிற்று. மலாயாவின் பெருந்தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து போனவர்கள் என்பதையும், அதன்பின் நேச நாடுகளின் கையில் எஞ்சிய முதன்மையான ரப்பர் நிலம் இலங்கைதான் என்பதையும் இங்கே குறிப்பிடாமல் செல்ல மனம் வரவில்லை. டயருக்கே ரப்பர் போதாத நாளில் விளையாட்டுப் பந்துக்குக் கிடைக்குமா?

பேஸ்பாலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் தக்கை, அதைச் சுற்றி மெல்லிய ரப்பர் உறைகள், அதன்மேல் நூற்றுக்கணக்கான அடி நீளத்துக்கு இறுக்கிச் சுற்றிய கம்பளி நூல், எல்லாவற்றுக்கும் மேலே 108 இரட்டைத் தையல் போட்ட தோல் ஆகியவை தெரியும். 1943இல் பந்து செய்து கொடுத்த ஸ்பால்டிங் நிறுவனம், ரப்பர் உறைக்குப் பதிலாகத் தென்னமெரிக்க மரமொன்றின் பாலிலிருந்து கிடைக்கும் பலாட்டாவைப் பயன்படுத்தியது. பலாட்டா, வேதியியல் நோக்கில், கட்டாபெர்ச்சாவேதான்.

தன் பருவத்தின் முதல் ஆட்டத்தில், ஏப்ரல் 21ஆம் நாள், ரெட்ஸ் அணி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியைத் தன் சொந்த மைதானத்தில் எதிர்கொண்டது. பதினோரு இன்னிங்ஸ் ஆடிய பிறகே ஆட்டத்தின் ஒரே ஓட்டம் கிடைத்து, 1-0 என ரெட்ஸ் வென்றது. அந்தப் பருவத்தில் எல்லா அணிகளும் சேர்ந்து ஆடிய முதல் 29 ஆட்டங்களில் 11 ஆட்டங்களில் ஏதோ ஓர் அணிக்கு ஓர் ஓட்டம்கூடக் கிடைக்கவில்லை. பந்தின்மேல் பழி சொல்வதற்கு முன் வேறொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: முதல் நாள் ரெட்ஸுக்காக வீசிய ஜானி வாண்டர் மீர், எதிரணிக்கு வீசிய மோர்ட் கூப்பர் ஆகிய இருவருமே அக்காலத்தின் தேர்ந்த வீச்சாளர்கள். ஓட்டம் வராததற்கு அவர்களுடைய கைத்திறனே காரணமாக இருந்திருக்கலாம் அல்லவா? இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ரெட்ஸ் அணியின் பொது மேலாளர் வாரன் கைல்ஸ் செய்வித்த சோதனை, எளிமைக்காகவே எனக்கு மிகவும் பிடித்தது. வீச்சாளரும் இல்லை, மட்டையாளரும் இல்லை. பழைய பந்துகளையும் புதிய பந்துகளையும் க்ராஸ்லி மைதானத்தின் கூரையிலிருந்து கீழே போடச் செய்தார், அவ்வளவுதான். 1942ஆம் ஆண்டுப் பந்து 13 அடி எழும்பியது. 1943ஆம் ஆண்டுப் பந்து ஒன்பதரை அடிதான் எழும்பியது.

எழும்பும் உயரம், மோதிய பின் பந்திடம் மிஞ்சும் ஆற்றலின் அளவு. மோதலுக்குப் பின் உள்ள வேகத்தை முன்பிருந்த வேகத்தால் வகுத்தால் மீட்சிக் குணகம் கிடைக்கும். அதன் வர்க்கமே ஆற்றல் விகிதம். இன்றைய பேஸ்பாலுக்கு இந்தக் குணகம் ஏறத்தாழ 0.55 என்பதால், நல்ல பந்துகூட மோதலில் தன் ஆற்றலில் பத்தில் ஏழு பங்கை வெப்பமாக இழந்துவிடுகிறது. மீதமிருக்கும் மூன்று பங்குக்குள்தான் எல்லைச் சுவரைத் தாண்டும் ஹோம் ரன்னும், சுவருக்கு முன்னால் களத்தடுப்பாளரின் கையுறையில் விழும் பந்தும் தீர்மானமாகின்றன. 1943ஆம் ஆண்டுப் பந்து அந்தச் சிறு மிச்சத்திலும் கால் பங்குக்கு மேல் இழந்திருந்தது.

இனி வாசகரின் கேள்விக்கு வருவோம். ரப்பரின் மூலக்கூறு, ஆயிரக்கணக்கான ஐசோபிரீன் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. ஒவ்வோர் அலகிலும் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டு, அது திருகாது. ஆகவே சங்கிலி அந்தப் பிணைப்புக்குள் நுழையும் பக்கமாகவே வெளியேறலாம், அல்லது எதிர்ப்பக்கமாக வெளியேறலாம். முதலாவது சிஸ் அமைப்பு, இரண்டாவது டிரான்ஸ் அமைப்பு. ரப்பர் மரம் சிஸ் சங்கிலியை உண்டாக்குகிறது. பலாட்டா மரம் டிரான்ஸ் சங்கிலியை உண்டாக்குகிறது. வேறுபாடு இவ்வளவே.

ஆனால் இந்த வேறுபாட்டின் விளைவு பெரிது. டிரான்ஸ் சங்கிலி ஒரே சீரான நெளிவுகளோடு ஏறக்குறைய நேராக ஓடுவதால், பக்கத்துச் சங்கிலிகள் பாய்க்கோரை போல் நெருங்கி அடுக்காக அமைகின்றன. அடுக்காக அமைந்த இடமெல்லாம் சிறு சிறு படிகங்களாக இறுகிவிடுகின்றன. சிஸ் சங்கிலியின் வளைவுகள் அவ்வாறு எளிதில் அடுக்காக அமைய விடுவதில்லை. அதனால் அறை வெப்பநிலையில் அது ஓயாமல் சுருண்டும் நெளிந்தும் அலைகிறது, அந்த அலைச்சல்தான் ரப்பரின் துள்ளலுக்கு மூலம்.

பள்ளி மைதானத்தில் ஐம்பது பிள்ளைகள் கைகோத்து நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் மனம்போன திசையில் குதித்தால், வரிசையின் இரு முனைகளையும் பிடித்திருக்கும் ஆசிரியர்கள் தம்மை யாரோ உள்ளே இழுப்பதை உணர்வார்கள். எந்தப் பிள்ளையும் அவர்களை இழுக்க எண்ணவில்லை. வரிசை நேராக நிற்க ஒரே ஒரு வழியும், குழம்பி நிற்க எண்ணற்ற வழிகளும் இருப்பதுதான் காரணம். என்ட்ரோபி என்று பாடநூல் சொல்வது இதைத்தான். எஃகுச் சுருள்வில் மீள்வது, அணுக்களுக்கிடையிலான பிணைப்புகள் விலகிப் பின் பழைய நிலைக்குத் திரும்புவதால். ரப்பர் மீள்வதோ பெரும்பாலும் ஒழுங்கின்மையைத் தேடி. அகலமான ரப்பர் பட்டையைச் சட்டென இழுத்து உதட்டில் வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும்; சற்று நேரம் இழுத்துப் பிடித்துப் பின் தளர்த்தி மறுபடி வைத்தால் குளிரும். பார்வையற்றவரான ஜான் காஃப் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1805ஆம் ஆண்டிலேயே இதைக் கண்டு எழுதினார். நான் எத்தனையோ முறை செய்து பார்த்தும் அந்தக் குளிர்ச்சி இன்னும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

சங்கிலிகள் ஒன்றையொன்று தாண்டி வழுக்கிப் போய்விடாதபடி ஆங்காங்கே முடிச்சுப் போடுவதற்குத்தான் கந்தகம் சேர்த்துச் சூடாக்குகிறோம். பலாட்டாவில் இந்த அலைச்சலைப் படிகங்கள் கட்டிப்போட்டுவிடுகின்றன. மட்டை மோதும் நேரம் ஆயிரத்தில் ஒரு நொடி அளவே. அதற்குள் நசுங்கி அதற்குள் மீள வேண்டும். படிகம் கட்டிய பொருள் அவ்வாறு நசுங்கி மீள்வதில்லை. வளைந்து கொடுக்கும் சிறு அளவிலும் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. இதே இறுக்கம் வேறிடத்தில் நன்மையாகிறது: வெந்நீரில் இளகி ஆறியதும் கெட்டிப்படுவதால், பல் மருத்துவர்கள் வேர்க்குழாய் சிகிச்சையில் இன்றும் கட்டாபெர்ச்சாவையே அடைக்கிறார்கள். பலாட்டா மரம் நம் சப்போட்டாவுக்கும், இலங்கையின் வறண்ட காடுகளிலும் தமிழகத்திலும் வளரும் பாலை மரத்துக்கும் ஒரே பேரினத்து உறவு. சப்போட்டாக் காயைக் கீறினால் விரல்களில் ஒட்டும் பாலில் சிஸ், டிரான்ஸ் இரண்டு வகைச் சங்கிலிகளும் கலந்திருக்கின்றன.

இத்தோடு பலாட்டாவைக் குற்றவாளியாக்கி முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. பந்தின் பருமனில் பெரும்பகுதி கம்பளி நூல். புகார்கள் குவிந்த பிறகு ஸ்பால்டிங் கொடுத்த விளக்கம், நூல் அடுக்குகளுக்கு இடையே பூசிய ரப்பர் பசை போர்க்காலத் தரக்குறைவானது, அது இறுகி நூலையும் இறுக்கிவிட்டது என்பதாகும். நல்ல பசை பூசிய பந்துகள் மே மாதம் வந்தன. நடுவில் பலாட்டா அப்படியே இருந்தபோதிலும் பந்து முன்னைவிட நன்றாகப் பறந்தது. குறை பலாட்டாவில் ஒரு பங்கும் பசையில் ஒரு பங்கும் இருந்தது என்பதே என் முடிவு. ரெட்ஸ் அணி அந்தப் பருவத்தை 87 வெற்றி, 67 தோல்வியுடன் கார்டினல்ஸுக்கு அடுத்த இரண்டாம் இடத்தில் முடித்தது.

ரப்பர் இத்தகைய நீண்ட சங்கிலி என்று ஹெர்மன் ஸ்டாடிங்கர் 1920ஆம் ஆண்டில் சொன்னபோது சக வேதியியலாளர்கள் பலர் ஏற்க மறுத்தனர். நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது 1953இல். போர் வந்தபின் அமெரிக்கா பெரும் பணம் செலவிட்டு, 1945ஆம் ஆண்டில் ஏழு லட்சம் டன்னுக்கு மேல் செயற்கை ரப்பர் செய்ய முடிந்ததென்றால், இவர் போன்றவர்கள் உடனடிப் பயன் எதையும் காட்டாமல் செய்துவைத்த ஆராய்ச்சி அதற்கு அடித்தளமாக இருந்தது. இன்று நம் பல்கலைக்கழகங்களில் அடிப்படை வேதியியலுக்கு நிதி கேட்போரிடம் "இதனால் என்ன பயன்?" என்று முதல் நாளே கேட்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

1944ஆம் ஆண்டில் பேஸ்பாலின் நடுவில் பலாட்டா போய்ச் செயற்கை ரப்பர் வந்தது. அக்காலத்தில் மிகுதியாக உற்பத்தியான செயற்கை ரப்பரில் ஸ்டைரீன், பியூட்டாடையீன் என்னும் இரு சிறு மூலக்கூறுகள் எந்த வரிசையும் இல்லாமல் கோக்கப்பட்டிருந்தன. அதன் சங்கிலிகளில் சிஸ், டிரான்ஸ் இரண்டுமே இருந்தன, டிரான்ஸே மிகுதி. ஆயினும் பருமனான ஸ்டைரீன் ஒழுங்கற்ற இடைவெளிகளில் குறுக்கிடுவதால் அந்தச் சங்கிலிகளால் பலாட்டாவைப் போல் அடுக்காக அமையவோ படிகமாகவோ முடிவதில்லை.